ஒழுகுவதற்கென்று ஒரு சுவர்

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. வங்கிப் புத்தகத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது அச்சாகியிருக்கிறது. ஆனால் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் திரும்பிப் பார்க்காதவர் அவராகத்தான் இருப்பார். பெரியவர்களுக்கு அவர் சொட்டு. இளவட்டங்களுக்குச் சொட்டு அண்ணன். பள்ளிக்கூடம் போகிறவர்களுக்குச் சொட்டு மாமா. தொழில் பிளம்பர். வயது ஐம்பத்து நான்கு. இடது முட்டியில் வலி, வலது காது கூர்மை.

பட்டம் மாமனார் வீட்டில் வைத்து வந்தது. கல்யாணமாகி முதல் தடவை அங்கே சாப்பிடப் போனவர், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போனார். போனவர் போனவர்தான். மச்சான் எட்டிப் பார்த்தபோது, மாப்பிள்ளை புதுச் சட்டையோடு பாத்திரத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். யாரும் கேட்காமலே "சொட்டுது" என்றார். அந்தக் குழாய் ஏழு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது சொட்டுகிறது என்பதே அந்த வீட்டாருக்கு மறந்துபோயிருந்தது. வாஷரை மாற்றிவிட்டு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். அன்று மதியம் வீடு திடீரென்று நிசப்தமாகிவிட்டதில் மாமியாருக்குக் கண் அசரவில்லை. எழுந்து வந்து யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதா என்று கேட்டார்.

வேலை முடிந்ததும் காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை அவர். தான் பூட்டிய ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் வந்து தாளைத் தடவிப் பார்ப்பார். தாள் மொடமொடவென்று இருந்தால்தான் கூலி. ஒரு வீட்டில் தவழ்கிற குழந்தை அந்தத் தாளின்மேல் தன் பங்குக்கு ஒன்று செய்துவைக்க, காரணம் புரியாமல் அதே இணைப்பை மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். நாலாவது நாள் குழந்தையின் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னாள். அதைத் தவிர, முப்பது வருஷத்தில் ஒரே இணைப்புக்காக அவரை இரண்டாம் தடவை யாரும் கூப்பிட்டதில்லை.

நல்ல பிளம்பிங் வேலை என்பது அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் இருப்பது. இதுதான் அவருடைய கொள்கை. குழாயைச் சுவருக்குள் விட்டு, கொத்தனாரை விட்டுப் பூசி, மேலே வெள்ளையடித்த பிறகு அவர் அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களின் பார்வை.

இந்தப் பேரை வைத்துத்தான் பிழைப்பு. அதில் பாதி வீட்டுக்காரம்மாவிடமிருந்து வந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்காரம்மா என்றால் ஒரே ஆள்தான்: பதினெட்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கொக்கியைத் திறந்தும் மூடியும்தான் மனதைக் காட்டுவார். வாயால் காட்டுவதில்லை.

தெருமுனை நூலகத்தின் மாடிக்கூடம் பல வருஷமாக உடைந்த நாற்காலிகளின் ஓய்வு இல்லமாக இருந்தது. அதைக் காலிசெய்து, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிற அறிவியல் அறை ஒன்று அமைப்பதாக முடிவாயிற்று. ஒரு நிபந்தனை. அறையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தெருக்காரர்களும் பிள்ளைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க வைப்பதற்கென்று ஒரு வடிவமைப்பாளர் வந்தார். இளம்பெண். தோளில் துணிப்பை, பைக்குள் கட்டுக்கட்டாக வண்ணக் காகிதம். பிள்ளைகள் அக்கா என்றார்கள். சொட்டு மேடம் என்றார். மேடம் என்று கூப்பிடாதீங்க என்று அவர் சொன்னதற்குச் சரிங்க மேடம் என்றார்.

முதல் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் தண்ணீர் வரியைக் குறைக்கிற கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

"உங்க பிள்ளைங்க இந்த ரூமுக்கு வந்தா, கையால என்ன செஞ்சு பாக்கணும்னு ஆசப்படுறீங்க? அத மட்டும் இதுல எழுதுங்க" என்று வடிவமைப்பாளர் ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்தார்.

தையல்காரர் 'சத்தம் போடக் கூடாது' என்று எழுதினார். வீட்டுக்காரம்மா 'அமைதி' என்று எழுதினார். இரண்டு பேர் 'மின்விசிறி' என்று எழுதினார்கள். சொட்டுவின் மச்சான் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். 'தரமான சாமான் வாங்கவும்' என்று எழுதி, கீழே கடையின் போன் நம்பரைப் போட்டார். சொட்டு நெடுநேரம் யோசித்து 'கை கழுவ வேண்டும்' என்று எழுதினார். வடிவமைப்பாளர் அத்தனையையும் படித்து, சிரிக்காமல், ஒன்று விடாமல் சுவரில் ஒட்டினார். ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று தள்ளி நின்று பார்த்தார். அது சொட்டுவுக்குப் பிடித்திருந்தது. வேலை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் பதினான்கு பேருக்குத் தரையில் பெரிய பழுப்புத்தாள் விரித்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் வக்கீலும் உண்டு. வக்கீல் என்பது லாரி டிரைவரின் மகள், வயது ஒன்பது. எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று ஒரு தடவையும் 'அப்போ' என்று ஒரு தடவையும் கேட்பதால் அந்தப் பெயர். அவள் ஒரு சுவரை வரைந்துவிட்டு, கிரேயானோடு சொட்டுவிடம் வந்தாள்.

"மாமா, குழாய்க்கு வர்றதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருக்கும்?"

"செவுத்துக்குள்ள."

"ஏன்?"

"வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"செவுத்துக்குள்ள எப்படி அது திரும்பும்?"

"எல்போ போட்டா திரும்பும்."

"அப்போ போடலன்னா?"

"போடலன்னா ஒழுகும்."

"அதத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சுவரின் மேல் நீலக் கிரேயானை வைத்து அழுத்தி நாலு பக்கமும் பீய்ச்சியடித்தாள்.

மற்ற பதின்மூன்று பேரும் வரைந்துகொண்டிருந்த ராக்கெட்டையும் டைனோசரையும் அப்படியே போட்டுவிட்டு நீலக் கிரேயானுக்குச் சண்டை போட்டார்கள். தண்ணீர்ச் சுவர் என்று முடிவாகிவிட்டது. மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. நடுவில் சுவர் முழுக்க, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய்கள். மேலிருக்கிற தண்ணீரைக் கீழே கொண்டுவருகிற வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

நூலகர் எழுந்து நின்றார். "கீழ ரீடிங் ரூம் இருக்கு. பன்னெண்டாயிரம் புத்தகம் இருக்கு" என்றார். பிறகு உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் பேசியது, ஆனால் முகம் உட்காரவில்லை.

நூலகக் கமிட்டியின் தலைவி வீட்டுக்காரம்மாதான். அவர் கைப்பைக் கொக்கியை மூடினார். "ஏம்பா சொட்டு, ஒழுகாதுல்ல?"

பதினெட்டு வீட்டிலும் அவர் கேட்கிற அதே கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் சொட்டுவிடம் இருந்தது. யோசிப்பதற்கு முன்னால் அது வெளியே வந்துவிட்டது.

"ஒரு சொட்டு ஒழுகாதும்மா."

எல்லாரும் கைதட்டினார்கள். வடிவமைப்பாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டலில் அது அடிபட்டுப்போயிற்று. 'ஒரு சொட்டுகூட ஒழுகாது எனப் பிளம்பர் உறுதியளித்தார்' என்று நூலகர் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அறை வாசலில் அதை அமைத்தவர்களின் பெயரும் தொழிலும் எழுதிய பலகை வைக்கப்படும் என்பதும் அன்றைக்கே முடிவானது.

அந்தப் பலகை வீட்டில் பெரிய செய்தி. அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். மனைவியின் தங்கை கணவர் பல் டாக்டர், விளக்குப் போட்ட பலகையில் பெயர் உள்ளவர். மாத்திரை வாங்க வந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று ஒரே வாரத்தில் பதினொரு பேருக்குப் பலகை விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வடிவமைப்பாளர் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தார். இணைப்புகளை ஒட்டக் கூடாது, கையால் செருகினால் போதும், பிள்ளைகள் கழற்றி மாட்ட வேண்டும் என்று விளக்கினார். சொட்டு தலையாட்டினார். அவர் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. கேட்டாயிற்று என்று அர்த்தம்.

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. குழாய்களை முதலில் பசையில்லாமல் செருகி அளவு சரியா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பிரித்து, பசை தடவி, ஒட்டுவார்கள். வரைபடத்தில் இருந்தது முதல் கட்டம். மேடம் படித்த பெண், ஆனால் தொழிலுக்குப் புதுசு. கடைசிக் கட்டத்தை வரைய விட்டுப்போயிருக்கிறது. பாவம், நாமே முடித்துக் கொடுத்துவிடுவோம் என்று அவர் நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பத்தாறு இணைப்புகளையும் ஒட்டினார். அடியில் தாள் விரித்தார். திங்கட்கிழமை காலை தாள் அப்பளம்போல மொறுமொறுப்பாக இருந்தது. சுவர் முழுக்க வளைந்தும் நெளிந்தும் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அவர் பூசி மறைக்காமல் விட்ட முதல் வேலை. மறைக்காமலே அழகாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை பிள்ளைகள் சோதித்துப் பார்க்க வந்தார்கள். ஓடிவந்து குழாயைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. திருகினார்கள். வரவில்லை. குள்ளமான ஒருத்தன் ஒரு எல்போவில் தொங்கியே பார்த்தான். அவன் எடையை அது பொருட்படுத்தவில்லை.

"ஒட்டியிருக்கு" என்றாள் வக்கீல், தீர்ப்புச் சொல்வதுபோல. "மாமா, இத என்ன பண்றது?"

"பாக்கலாம்."

பார்த்தார்கள். ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு மூலையில் தரை துடைக்க வைத்திருந்த வாளியையும் உடைந்த புனலையும் எடுத்துக்கொண்டு பதினான்கு பேரும் மாடிப்படிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து நல்ல சிரிப்புச் சத்தம் வந்தது. சுவரில் நாற்பத்தாறு இணைப்புகள் வேலை செய்துகொண்டிருந்தன.

வடிவமைப்பாளர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் சொட்டுவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலை ரொம்ப சுத்தமா இருக்குண்ணா. ஆனா பிள்ளைங்க செய்ய ஒண்ணும் மிச்சம் இல்ல."

"கழட்டினா ஒழுகுமே மேடம்."

"ஒழுகணும்ணா. ஒழுகினாத்தான எங்க தப்புப் பண்ணினோம்னு அவங்களுக்கே தெரியும்?"

"நான் எழுதிக் குடுத்திருக்கேன். மினிட்ஸ்ல இருக்கு."

"தெரியும். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், கைதட்டினதும் விட்டுட்டேன். அது என் தப்பு." அவர் ஒரு எல்போவைத் தொட்டுப் பார்த்தார். "இப்படியே வச்சுக்கலாம்னாலும் சரி. அறுக்கணும்னா நீங்கதான் அறுக்கணும். வேற ஆள வச்சு உங்க வேலையில நான் கை வைக்க மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

சுவர் ஒழுகினால் கொடுத்த வாக்குப் போயிற்று. வாக்குப் போனால் பேர் போயிற்று. பேர் போனால் பதினெட்டு வீடும் போயிற்று. ஒழுகாவிட்டால் ஒன்றும் போகவில்லை, பதினான்கு பிள்ளைகளைத் தவிர. வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் அவர் இதைப் பல தடவை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தார்.

வீட்டில் மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பலகையில என் பேரு வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்" என்றார் சொட்டு, மனைவியிடம்.

"ஏங்க?"

"கீழ தண்ணி நிக்கும். மேல என் பேரு நிக்கும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு மச்சான் டம்ளரை வைத்தார். "மாப்ள, ஒழுகுற பைப்பு விக்கிறவன்னு என் கடைக்கும் சேத்துல்ல பேரு வரும்?"

"நீ வித்ததுல பாதி அப்படித்தான்" என்றார் அவர் மனைவி, அண்ணனைப் பார்க்காமலே. பிறகு கணவரிடம், "பதினோரு பேர்கிட்ட சொல்லிட்டேன். இனி ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி இல்லைன்னு சொல்ல முடியாது. வேற வழி பாருங்க."

"வேற வழி என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க மொதல்ல பண்ணின வேலை ஒழுகவே இல்லையா?"

ஒழுகியது. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. பதினேழு வயதில், ஒரு தங்கும் விடுதியில், தனியாகப் பூட்டிய முதல் இணைப்பு. மறுநாள் காலையில் கீழ்த்தளம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். தங்கியிருந்தவர்களின் செருப்புகள் எல்லாம் அறைகளைவிட்டு மிதந்து போயிருந்தன. முதலாளி அடிக்கவில்லை, எழுபது செருப்பையும் ஜோடி சேர்த்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டு வா என்றார். ஒன்றரை நாள் ஆயிற்று. ஒரு சந்தேகக்கார ஆசாமி, இது என் இடது கால் இல்லை என்று கடைசிவரை சாதித்தார்.

இதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் நின்றார். அத்தனை செருப்பும் ஒரே மூலையில்தான் கிடந்தன. ஏன்? அந்தக் கட்டடத்தைக் கட்டிய எவரோ ஒரு கொத்தனார் தரைக்கு அந்த மூலையைப் பார்த்துச் சரிவாக வாட்டம் கொடுத்திருந்தார். மூலையில் ஒரு வடிகால் சல்லடை இருந்து, அது செருப்பால் அடைபடாமல் இருந்திருந்தால், தண்ணீர் தன்பாட்டுக்குப் போயிருக்கும்.

"என்னங்க, டீ ஆறுது."

"கொத்தனார் நம்பர் வச்சிருக்கியா?" என்றார் மச்சானிடம்.

இரண்டாவது கூட்டத்தில், வேறு விஷயம் ஏதாவது உண்டா என்று வீட்டுக்காரம்மா கேட்டதும் சொட்டு எழுந்தார். முட்டி வலியால் மெதுவாகத்தான் எழ முடிந்தது. அதற்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"நான் போன தடவ சொன்னது தப்புங்கம்மா. ஒழுகும்."

வீட்டுக்காரம்மா கைப்பைக் கொக்கியைத் திறந்தார்.

"எவ்வளவு ஒழுகும்?"

"பிள்ளைங்க எவ்வளவு தப்புப் பண்றாங்களோ அவ்வளவு. ஆனா ரூம விட்டு வெளிய போகாது. கீழயும் எறங்காது. தரைக்கு நான் பொறுப்பு."

நூலகர் பேனாவோடு நிமிர்ந்தார். "இத எப்படி எழுதுறது?"

"சொன்னபடியே எழுதுங்க சார்."

"பதினெட்டு வீடு உன் வாய நம்பிக் கெடக்குப்பா" என்றார் வீட்டுக்காரம்மா.

"உங்க வீடு ஒழுகாதும்மா. இது ஒழுகும்."

கைப்பையின் கொக்கி மூடுகிற சத்தம் கேட்டது. நூலகர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். 'ஒழுகும் எனப் பிளம்பர் உறுதியளித்தார்.'

அன்றிலிருந்து வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தார், இரண்டு வாரம் பார்த்தார். அவர் மனைவி, போன் கெட்டுப்போயிருக்குமோ என்று தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாகவே அடித்தது. இருவரும் அதை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். விசிட்டிங் கார்டு அச்சடித்து வைத்திருக்கிற வேறொரு பிளம்பர் பதினெட்டு வீட்டுக்கும் போய்வருவதாக மச்சான் சொன்னார். கார்டு நல்ல தடிமனான அட்டையாம்.

சொட்டுவுக்கு இப்போது நேரம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் நூலக மாடியில் செலவழித்தார். முதலில் நாற்பத்தாறு இணைப்புகளையும் அறுத்தார். ஒழுகுகிறதை அறுத்திருக்கிறார், காய்ந்து கிடப்பதை அறுப்பது இதுவே முதல் தடவை. ரம்பம் ஒவ்வொரு தடவையும் தொடங்குவதற்குமுன் கொஞ்சம் யோசித்தது. பிறகு கொத்தனாரும் அவருமாகத் தரையில் இறங்கினார்கள். நீர் இறங்காத பூச்சை மூன்று கைப் பூசினார்கள். சுவரோரத்து மூலையில் சல்லடை மூடிய வடிகால் போட்டு, ரசமட்டத்தை வைத்து வைத்து, அதைப் பார்த்து வாட்டம் கொடுத்தார்கள். கொத்தனார் ஒரு விரல் சரிவு போதும் என்றார். சொட்டு ஒன்றரை என்றார். இரண்டு நாள் அந்த அரை விரலுக்காக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தரை ஒன்றரைக்குத்தான் அமைந்தது.

தண்ணீர்ப் பகுதிக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். அது காய்ந்த அன்று தையல்காரர் மாடிக்கு வந்தார். சத்தம் போடக் கூடாது என்று எழுதியவர். நெடுநேரம் வரம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு. ஆனா என் பொண்ணு வண்டி இதத் தாண்டாதே" என்றார். அவர் மகள் சக்கர நாற்காலியில் இருப்பவள்; மாடிவரை லிஃப்ட் உண்டு, வரம்புக்கு இல்லை.

சொட்டு கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் கூரையைப் பார்த்தார். மறுநாள் வரம்பை உடைத்தார்கள். அதற்குப் பதில் தரையையே மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, சக்கரம் ஏறுவது தெரியாமல் ஏறுகிற மேடாக்கினார்கள். குழாய்களின் உயரத்தையும் அந்தப் பெண்ணே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி, எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். அதுவரை அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "சொட்டு மாமா, இன்னும் கீழ. நீங்க உங்க உயரத்துக்கே போடுறீங்க" என்று அவள் போட்ட அதட்டல் ரீடிங் ரூம்வரை கேட்டது. தையல்காரர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோதனை. சொட்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்.

"என்னென்ன தப்புப் பண்ண முடியுமோ எல்லாத்தையும் பண்ணுங்க."

"ஏன்?" என்றாள் வக்கீல்.

"பாக்கணும்."

"அப்போ அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

மூன்று மணி நேரம் தப்புப் பண்ணினார்கள். பிள்ளைகளுக்குள் இவ்வளவு தப்பு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குழாயை மேல்நோக்கித் திருப்பினார்கள், வாயை அடைத்துவிட்டுக் கையை எடுத்தார்கள், இரண்டு வழியை ஒன்றாக்கி ஒருவர் முகத்துக்கு நேரே விட்டார்கள். ஒவ்வொரு தடவை தண்ணீர் பீறிட்டபோதும் சொட்டுவின் கை தானாக ரெஞ்சுக்குப் போயிற்று. கடைசியில் ரெஞ்சைக் கொத்தனாரிடம் கொடுத்துவைத்தார். தண்ணீர் தரையில் விழுந்து, ஒரு கணம் தயங்கி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மூலையைப் பார்த்து நடந்தது. கீழே நூலகர் பன்னிரண்டாயிரம் புத்தகங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு, மூன்று மணி நேரமும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. நாலு நாள் கழுத்து திரும்பவில்லை என்பது தவிர நூலகத்துக்குச் சேதமில்லை.

போகிற போக்கில் வக்கீல் வந்து சொன்னாள். "ரெண்டாவது எல்போவ முழுசா உள்ள தள்ளல, அதான் ஒழுகிச்சு. நானே கண்டுபிடிச்சேன்."

"ம்" என்றார் சொட்டு. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு எழுபது செருப்பு ஆயிற்று.

திறப்பு நாளன்று தெருவே மாடியில் இருந்தது. வாசலில் பலகை. அதில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது, பக்கத்தில் பிளம்பர் என்றும் இருந்தது. பலகையைப் படித்த மூன்று பேர் அவரிடமே வந்து, யாருங்க இந்தப் பிளம்பர், வெளியூரா என்று கேட்டார்கள். அவர் மனைவி அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயர்மேல் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பலகைக்கு நேர் எதிரே, பதினான்கு பிள்ளைகளும் அவர்கள் கூட்டிவந்த இன்னும் இருபது பேரும் சேர்ந்து, சுவரை எல்லாப் பக்கமும் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்த சொந்தக்காரர் ஒருவர், "என்னப்பா, மொத நாளே ரிப்பேரா?" என்று அனுதாபப்பட்டார்.

வீட்டுக்காரம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கமிட்டித் தலைவி, வராமல் முடியாது. பேரன் கையை உதறிக்கொண்டு ஓடி, அரை நிமிஷத்தில் தலைமுதல் கால்வரை நனைந்தான். அவர் அவனைக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டுக்கு இந்தப் பக்கம், தண்ணீர்ச் சுவரிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, வெறும் பாதத்தால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தேய்த்தார். வாசல்வரை போய் அங்கேயும் தேய்த்தார். தூசி மட்டும் ஒட்டியது. சொட்டு ஓரமாக நின்று, வேறெதையோ பார்ப்பதுபோல, அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் விரலைப் பலகைமேல் வைத்தபடியே பார்த்தார்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். 

"மூணாவது மாடி சமையக்கட்டுல சொட்டுதுப்பா. அந்தக் கார்டுக்காரப் பையன் ரெண்டு தடவ வந்து பாத்தான். நல்லாப் பேசுறான்." கொக்கியைத் திறந்தார், மூடினார். "நாளைக்குக் காலையில வந்துடு."

சொட்டு சுவரைப் பார்த்தார். தையல்காரரின் மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் அது தப்பு என்று ஏழு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முடியாதும்மா. அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்க வர்றாங்க. நாளன்னிக்கும் வர்றாங்க. புதன்கிழம வர்றேன்."

"புதன்கிழம வரைக்கும் ஒழுகட்டுங்கிறியா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கீழ ஒரு வாளி வையுங்கம்மா" என்றார்.

திரும்பி வந்த பதினெட்டு வீட்டையும் காக்கவைக்கிறாரே என்று அவர் மனைவியின் விரல் பலகையிலிருந்து இறங்கிவிட்டது.